முதல் நாவல்: ஒரு மனிதர், ஓர் ஊர், சில மாதங்கள்

இதுவரை ஒரு சிறுகதைகூட எழுதியதில்லை, ஆனால் ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற எண்ணம் மட்டும் பல ஆண்டுகளாக விடாமல் இருக்கிறது என்பவருக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், எதை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம், முதல் வரைவை எப்படி முடிப்பது என்பவற்றை அவை வர வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். முதல் நாவல்கள் பாதியில் நின்றுபோவதற்கு நான் காணும் முதன்மையான காரணம், எடுத்துக்கொண்ட பரப்பு எழுதுபவரின் பயிற்சிக்கு மீறிப் பெரிதாக இருப்பதே. மூன்று தலைமுறை, இரண்டு நாடுகள், நாற்பது பாத்திரங்கள் என்று தொடங்கினால் நான்காம் அத்தியாயத்திலேயே யார் யாருக்கு என்ன உறவு என்பதில் குழப்பம் வந்துவிடும். குழப்பத்தைத் தீர்க்க மீண்டும் முதல் அத்தியாயத்துக்குப் போனவர் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறார். எனவே பரப்பைச் சுருக்கிக்கொண்டு, சுருக்கிய பரப்புக்குள் ஆழமாக இறங்குவதையே இந்தக் கட்டுரை முழுவதும் வலியுறுத்துகிறேன்.

அளவும் நேரமும்

தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் அச்சாகும் டெமி அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் வரும். முதல் நாவலுக்கு 150 பக்கம் போதும். அதாவது 30,000 முதல் 37,500 சொற்கள். நாளுக்கு 300 சொற்கள் எழுதுபவர் நான்கு மாதங்களில் முதல் வரைவை முடித்துவிடலாம். 300 சொற்கள் என்பது கையெழுத்தில் ஏறத்தாழ இரண்டு பக்கம். கைப்பழக்கம் வந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை.

எழுதுவதற்கென்று வேலையை விட வேண்டுமோ என்று தயங்குபவர்கள் தமிழ் நாவலாசிரியர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அ. மாதவையா உப்பு இலாகாவில் அலுவலராக இருந்தார், தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பிறகு வானொலியிலும் பணியாற்றினார். நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார். இமையம் பள்ளி ஆசிரியர். தொழில் அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் மனிதர்களையும் கணக்குவழக்குகளையும் பேச்சையும் நாள்தோறும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பையும் அதுவே தந்தது. ஆகவே ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். விடியற்காலையோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகோ, அலுவலகத்தில் உணவு இடைவேளையோ, எதுவானாலும் அந்த நேரத்தை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒளித்து எழுதும் நேரம் முதல் வாரத்திலேயே பறிபோகும்.

எழுதும் முன் ஒரு நாவலைப் பிரித்துப் பாருங்கள்

நிறையப் படிக்க வேண்டும் என்ற அறிவுரையை எல்லோரும் சொல்வார்கள். நான் குறிப்பாக ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் முன்பே படித்து விரும்பிய, 200 பக்கத்துக்கு மிகாத தமிழ் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: இந்த அத்தியாயம் எங்கே, எப்போது நடக்கிறது, யாருடைய கண் வழியாகச் சொல்லப்படுகிறது, தொடக்கத்தில் இல்லாத எது முடிவில் வந்திருக்கிறது. ஓரிரண்டு வாரம் பிடிக்கும் இந்த வேலை, நாவல் என்பது காட்சிகளை அடுக்கிச் செய்யப்படுவது என்பதை வேறெந்த விளக்கத்தையும்விடத் தெளிவாகக் காட்டிவிடும்.

தொடர்கதைகளை மட்டும் படித்து வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1950இல் தொடங்கிக் கல்கி இதழில் ஆண்டுக்கணக்கில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ போன்ற படைப்பு வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வோர் அத்தியாயமும் திடுக்கிடலில் முடிவதற்கு அந்த வெளியீட்டு முறையே காரணம். நீங்கள் எழுதுவது ஒரே மூச்சில் படிக்கப்படும் 150 பக்கப் புத்தகம். அங்கே ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் வாசகர் விரைவில் சலித்துவிடுவார்.

உலகத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதல் நாவலுக்கு உரிய உலகம், அதன் நடைமுறை உங்களுக்கு உள்ளிருந்து தெரிந்த உலகமாக இருக்க வேண்டும். நடைமுறை என்று நான் சொல்வது, அங்கே காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த நாளில் போகிறது, யார் யார் முன்னால் உட்காரமாட்டார்கள், எந்த வேலை எந்த ஒலியோடு நடக்கிறது என்பன போன்றவை. பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ 1991இல் வந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 25. வீட்டுவசதிக் குடியிருப்புக்காக விளைநிலத்தை இழந்த ஒரு குடும்பம் என்ற அளவான பரப்பை அவர் எடுத்துக்கொண்டார். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966இல் நூலானது. ஊரின் நடுவே நின்ற ஒரு புளியமரம் அதற்கு மையம். வரலாறும் அரசியலும் வணிகமும் அந்த மரத்தைச் சுற்றியே வந்தன.

இந்தக் கட்டுரைக்காகவே ஓர் உதாரணத்தை உருவாக்கி, கடைசிவரை அதையே எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம்; காவிரிக் கரை, தெருவுக்குத் தெரு விசைத்தறிப் பட்டறைகள். தறி ஓட்டும் ராசு, முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அவருடைய மகள் கோமதி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். செவிலியர் படிப்புக்குப் போக விரும்புகிறாள். முன்பணம் தீராமல் ராசு வேறு பட்டறைக்குப் போக முடியாது. மகளும் ஒரு ஜோடித் தறி ஓட்டினால் கணக்கு சீக்கிரம் நேராகும் என்கிறார் முதலாளி.

இந்தச் சில வாக்கியங்களில் ஒரு நாவலுக்கு வேண்டியவை பெரும்பாலும் இருக்கின்றன. விருப்பம் உடைய ஒருவர் இருக்கிறார். அந்த விருப்பத்துக்கு உண்மையான, எளிதில் விலகாத தடை இருக்கிறது. தடையாக நிற்பவருக்கும் அவருடைய நியாயம் இருக்கிறது. முதலாளியை வில்லனாக்குவதுதான் தொடக்க எழுத்தாளர் முதலில் செய்யத் தூண்டப்படும் காரியம். அதைத் தவிருங்கள். அவரும் நூல் விலை ஏறியதால் வங்கிக்கு வட்டி கட்டத் தவிக்கலாம். ராசுவோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவராகவும் இருக்கலாம். எதிரில் நிற்பவர் சொல்வதிலும் பாதி சரி என்று வாசகருக்குத் தோன்றும்போதுதான் கோமதியின் நெருக்கடி முழு எடையோடு அவருக்குள் இறங்கும்.

அடுத்து, காலத்துக்கு வரம்பு கட்டுங்கள். தேர்வு முடிவு வரும் நாளிலிருந்து கல்லூரிச் சேர்க்கை முடியும் நாள்வரை என்று வைத்துக்கொண்டால் கதைக்கு ஒரு கெடு தானாகவே அமைந்துவிடுகிறது. பூமணியின் ‘வெக்கை’ ஒரு கொலைக்குப் பிறகு தகப்பனும் மகனும் ஒளிந்து திரியும் சில நாட்களுக்குள் நடந்து முடிவது. அந்தக் குறுகிய காலத்துக்குள் ஒரு குடும்பத்தின் பழைய நிலத் தகராறு முழுவதும் நினைவாகவும் பேச்சாகவும் வந்துவிடுகிறது. குறுகிய காலம் கதையைச் சிறிதாக்கும் என்ற அச்சம் தேவையில்லை.

ஆண்டையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2018 வரை பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200. 2019 முதல் 600. கோமதி எடுத்தது 524 என்று வைத்துக்கொள்வோம். 2015இல் அவள் தேர்வு எழுதியிருந்தால் அது தேர்ச்சியே பெறாத மதிப்பெண்ணாகக்கூட இருக்கலாம். 2019இல் அது நல்ல மதிப்பெண். 2012இல் கதை நடந்தால் நாள்முழுவதும் விட்டுவிட்டு மின்சாரம் போகும், தறி நிற்கும், கூலி குறையும். 2016 நவம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகான வாரங்கள் என்றால் கூலி நாளில் கையில் வரும் 500 ரூபாய்த் தாள் செல்லுமா என்ற கேள்வி வரும். ஆண்டைத் தெளிவில்லாமல் விட்டுவிடுபவரால் இத்தகைய செய்திகளைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. தெரியாமல் பயன்படுத்தி மாட்டிக்கொள்வதும் உண்டு. நம் கதையை 2019இல் வைத்துக்கொள்வோம்.

கேட்டு அறிதல்

தெரிந்த உலகமாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இருக்கும். நாவலுக்கான விசாரிப்பில் கருத்துக் கேட்பதைவிடக் காரியம் கேட்பது பயன் தரும். ‘உங்கள் வாழ்க்கை கஷ்டமானதா’ என்று தறிக்காரரிடம் கேட்டால் ஆமாம் என்பார், அத்தோடு முடிந்தது. நேற்று எத்தனை மணிக்குத் தறியை ஓடவிட்டீர்கள், தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) தீர்ந்தால் யார் மாற்றுவது, பாவு (நீளவாக்கு நூல்) தீர்ந்து புதிய பாவு பிணைக்கும் நாளில் கூலி உண்டா, சத்தத்தில் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வரும். கேட்டதை அன்றிரவே, அவர் பேசிய சொல்லிலேயே எழுதி வையுங்கள். அவருடைய பெயரையும் அடையாளத்தையும் நாவலுக்குள் கொண்டுவராதீர்கள். அவர் நம்பிச் சொன்னது அவருக்கே கேடாக முடியக் கூடாது.

பழைய காலத்தை எழுதுபவருக்குச் சென்னையில் கன்னிமாரா நூலகமும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உதவும். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ இணையதளம் பெருந்துணை. ஆனால் ஆய்வுக்கு ஒரு முடிவு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் திரட்டுவது இனிமையான வேலை. எழுதாமல் இருப்பதற்கு அதைவிடக் கௌரவமான காரணம் கிடையாது. ஒரு மாதம் போதும்; எஞ்சிய ஐயங்களை எழுதும்போது இடம் விட்டுக் குறித்துக்கொண்டு பிறகு நிரப்பலாம்.

ஒரு பக்கத் திட்டம்

ஒரே ஒரு தாளில் பத்து முதல் பதினைந்து காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும். ‘கோமதி தன் மதிப்பெண்ணைப் பட்டறைக்குள் போய் அப்பாவிடம் காட்டுகிறாள்.’ ‘முதலாளி கணக்கு நோட்டை எடுக்கிறார், தொகை ராசு நினைத்திருந்ததைவிட அதிகமாக இருக்கிறது.’ ‘அம்மா தன் தாலிக்கொடியைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் ஒரு முடிவு எடுக்கிறாள்.’ வாக்கியத்தில் ஒரு வினை நடக்க வேண்டும். ‘கோமதியின் மனப் போராட்டம்’ என்று எழுதினால் அது காட்சி ஆகாது. அவள் என்ன செய்கிறாள் என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள்.

முடிவு தெரிந்திருக்க வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். முதல் நாவல் எழுதுபவருக்கு உத்தேசமான ஒரு முடிவாவது இருப்பது நல்லது என்பது என் கருத்து. எழுதும்போது அது மாறினால் மாறட்டும். எங்கே போகிறோம் என்பது அறவே தெரியாதபோது நடுப்பகுதியில் புதுப்புதுப் பாத்திரங்களைச் சேர்த்துக் கதையை நகர்த்தும் ஆசை வரும். பரப்பு மீண்டும் விரியத் தொடங்குவது அங்கேதான்.

மொழி பற்றி எடுக்க வேண்டிய முடிவுகள்

தமிழில் நாவல் எழுதுபவர் முதல் வரிக்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய சில இருக்கின்றன. நாம் எழுதும் தமிழும் பேசும் தமிழும் வெவ்வேறாக இருப்பதால் வருகிற இந்தக் கேள்விகளைத் தள்ளிப்போட்டால் ஐம்பதாம் பக்கத்தில் முழுவதையும் திருத்த வேண்டியிருக்கும்.

கதைசொல்லி எந்தத் தமிழில் பேசுகிறார் என்பது முதலாவது. எடுத்துரைப்பை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் வைப்பது பெரும்பாலான நாவல்கள் பின்பற்றும் முறை. தொடங்குபவருக்கு நான் இதையே சொல்வேன். கதையை ஒரு பாத்திரமே தன்வாயால் சொல்வதானால் முழுவதையும் வட்டார வழக்கில் எழுதலாம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் அப்படி எழுதப்பட்டு வெளிவந்தது. ஆனால் அந்த வழக்கு உங்கள் வாயில் புழங்குவதாக இருக்க வேண்டும். கரிசல் வட்டாரத்துக்கும் கொங்கு வட்டாரத்துக்கும் முறையே கி. ராஜநாராயணனும் பெருமாள்முருகனும் தொகுத்த சொல்லகராதிகள் உண்டு. அவை சரிபார்க்க உதவும், பேசக் கற்றுத்தர மாட்டா. ஒரு வட்டாரத்தில் வாழாதவர் அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஊர்ப் பேச்சை எழுதினால், அந்த ஊர்க்காரர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

உரையாடலில் ஓசையை எந்த அளவுக்கு எழுத்தில் கொண்டுவருவது என்பது இரண்டாவது. வாய் ஒலிக்கும் ஒவ்வொன்றையும் எழுத முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். வினைமுடிவிலும் விளியிலும் உறவுச் சொல்லிலும் வட்டாரம் தெரிந்தால் போதும். மற்றச் சொற்களைப் பொதுப் பேச்சுவடிவில் விட்டுவிடலாம். ‘வந்துருச்சு’ என்று எழுதுவதா, ‘வந்திருச்சு’ என்று எழுதுவதா? எதுவானாலும் சரி, ஒன்றைத் தேர்ந்து ஒரு தாளில் குறித்துவைத்துக் கடைசிவரை அதையே எழுதுங்கள். கோமதி தன் அம்மாவின் தகப்பனாரை ‘அப்புச்சி’ என்று அழைப்பாள். அதே பெண் வேறோரிடத்தில் அவரைத் ‘தாத்தா’ என்றால், வாசகர் அவரை வேறொரு கிழவர் என்று எண்ணக்கூடும்.

மூன்றாவதைத் தொடக்க எழுத்தாளர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. கதைசொல்லி ஒவ்வொருவரையும் ‘அவன்’ என்கிறாரா, ‘அவர்’ என்கிறாரா? தறி ஓட்டும் ராசு ‘வந்தான்’, முதலாளி ‘வந்தார்’ என்று எழுதிவிட்டால், பட்டறைக்குள் இருக்கும் மேல் கீழைக் கதைசொல்லியும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றாகிறது. நீங்கள் அந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்து நாவல் எழுதிக்கொண்டிருந்தாலும் வினைமுற்று உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் கதை கோமதியின் கண் வழியாகச் சொல்லப்படுவதால் ராசு எப்போதும் ‘அவர்’, அவள் அப்பா. முதலாளியின் கல்லூரி மாணவனான மகனை அவள் மனத்துக்குள் ‘அவன்’ என்று நினைக்கலாம், நேரில் ‘அண்ணா’ என்று அழைக்கலாம். அந்த இடைவெளியே ஒரு செய்தி. பாத்திரப் பட்டியல் ஒன்று எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கதைசொல்லி பயன்படுத்தும் விகுதியையும், ஒவ்வொருவரும் மற்றவரை நேரில் அழைக்கும் சொல்லையும் குறித்துவிடுங்கள். இந்தப் பட்டியலை எழுதும்போதே உறவுகள் துலங்கும்.

எழுதுகருவி

கையால் எழுதலாம், கணினியில் எழுதலாம், கைப்பேசியிலும் எழுதலாம். கணினியில் எழுதுவதானால் யூனிகோடு எழுத்துருவிலேயே எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதியதைப் பிறகு மாற்றும்போது எழுத்துகள் சிதையும். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை சில வாரங்களில் கைக்கு வரும். நீண்ட பணிக்கு அது ஏற்றது. ஏற்கெனவே ஒலிபெயர்ப்பு முறையில் வேகமாக எழுதுபவர் இதற்காக நின்று கற்க வேண்டியதில்லை. அன்றன்று எழுதியதை இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று உங்கள் கருவிக்கு வெளியே இருக்கட்டும்.

முதல் காட்சி

விடியற்காலை வருணனை, ஊர் வரலாறு, நாயகியின் பிறப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்குங்கள். நிலைமை மாறத் தொடங்கும் நாளிலிருந்து தொடங்குவதே எளிது. நம் கதையில் அது தேர்வு முடிவு வரும் நாள்.

தொடக்க எழுத்தாளர் ஒருவரின் முதல் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘ராசு பல ஆண்டுகளாக விசைத்தறியில் கடுமையாக உழைத்து வந்தார். கடன் சுமை அவரை வாட்டியது. இருந்தாலும் தன் மகள் கோமதி நன்றாகப் படிக்க வேண்டும் என்பதே அவரது ஒரே கனவாக இருந்தது. இன்று அவள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். அவர் பெருமகிழ்ச்சி அடைந்தார்.’ பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசகர் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. இதையே காட்சியாக எழுதிப் பார்ப்போம்.

‘கோமதி கைப்பேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன, கத்தினாலும் கேட்காது. அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்ப்பதற்குள் கடைசித் தறியில் இழை அறுந்தது. ஒரு விரலைத் தூக்கி அவளை நிற்கச் சொல்லிவிட்டு அங்கே போனார். முடிச்சுப் போட்டுத் தறியை ஓடவிட்டுத் திரும்பியவர், இரண்டு கையையும் லுங்கியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு கைப்பேசியை வாங்கினார். எண்ணை ஒருமுறை உரக்கப் படித்தார் போலும். உதடு அசைந்தது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.’

மகிழ்ச்சி, கனவு, உழைப்பு, சுமை ஆகிய சொற்கள் ஒன்றுகூட இதில் இல்லை. மகளின் வாழ்நாள் செய்தியைக்கூட அறுந்த இழை முந்திக்கொள்கிறது என்பதைத் தறியே சொல்லிவிடுகிறது. துடைத்த கை, அந்தக் கைப்பேசிக்கு அவர் தரும் மதிப்பைச் சொல்கிறது. இந்த விவரங்களை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். பட்டறைக்குள் நின்று பார்த்தவருக்கோ, கேட்டு எழுதிவைத்தவருக்கோ தானாக வரும். அதற்காகத்தான் தெரிந்த உலகத்திலிருந்து தொடங்கச் சொன்னேன்.

உரையாடலுக்கும் இதே முறை பொருந்தும். மனத்தில் இருப்பதை அப்படியே வாய்விட்டுச் சொல்லும் மனிதர்கள் குறைவு.

‘ஏனுங்க, புள்ளைக்கு மார்க் வந்துருச்சுங்க. அஞ்ஞூத்தி இருவத்தி நாலு.’

‘சந்தோசம் ராசு. நல்லா படிக்கட்டும். பழைய கணக்க மட்டும் ஒருக்கா பாத்துக்கலாம்.’

முதலாளி படிப்பைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. ‘கணக்கு’ என்று ஒரு சொல் போட்டார்; ராசுவுக்கு அது போதும், வாசகருக்கும் போதும். அவருடைய உட்கருத்து இன்னதென்று அடுத்த வரியில் விளக்கும் ஆசை வந்தால், எழுதாமல் விடுங்கள்.

நடுப்பகுதி

ஐந்தாறு காட்சிகள் முடிந்தபிறகு ஒரு தொய்வு வரும். எழுதியவை எல்லாம் சுவையற்றுத் தோன்றும். புதிதாக வேறொரு நாவலுக்கான எண்ணம் மிக ஒளியோடு வந்து நிற்கும். அந்த எண்ணத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துவைத்துவிட்டு, கையிலிருப்பதைத் தொடருங்கள். இந்தக் கட்டத்தில் பின்னால் போய்த் திருத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதல் அத்தியாயத்தை ஒன்பது முறை செதுக்கியவருக்கு நல்ல முதல் அத்தியாயம் கிடைக்கலாம், நாவல் கிடைக்காது. மாற்ற வேண்டும் என்று தோன்றுவதை ஓரத்தில் குறித்துக்கொண்டு, மாற்றிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். அம்மாவின் பாத்திரத்துக்குப் பதில் அத்தை இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏழாம் காட்சியில் தோன்றினால், எட்டாம் காட்சியிலிருந்து அவளை அத்தை என்றே எழுதுங்கள். முன்பகுதியைப் பிறகு சரிசெய்யலாம்.

கதை உண்மையிலேயே நகராமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முதன்மைப் பாத்திரம் எதையும் செய்யாமல் பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோமதி அழுதுகொண்டிருக்கும் வரை கதை நிற்கும். அவள் முதலாளியின் மனைவியிடம் தனியாகப் போய்ப் பேசட்டும். அப்பாவுக்குத் தெரியாமல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடட்டும். அல்லது தானே போய் ஒரு ஜோடித் தறியில் நிற்கட்டும். அவள் எடுக்கும் ஒரு முடிவு தவறாகவும் போகலாம். தவறு நடந்த இடத்திலிருந்து அடுத்த மூன்று காட்சிகள் கிடைக்கும்.

எழுதாமல் விட்ட நாட்களை அடுத்த நாளில் ஈடுகட்ட முயலாதீர்கள். மூன்று நாள் விட்டுப்போனால் நான்காம் நாள் 1,200 சொற்கள் எழுத வேண்டும் என்ற கணக்கு, ஐந்தாம் நாளும் எழுதவிடாமல் செய்யும். வழக்கமான 300 போதும்.

முதல் வரைவுக்குப் பிறகு

கடைசிக் காட்சியை எழுதி முடித்ததும் கைப்பிரதியை மூன்று நான்கு வாரம் தொடாதீர்கள். பிறகு அச்சிட்டு, பேனாவோடு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வாரத்தில் படியுங்கள். முதல் வாசிப்பில் எழுத்துப்பிழை திருத்த வேண்டாம். எந்தக் காட்சி இல்லாவிட்டாலும் கதை நிற்கும், எங்கே ஒரு காட்சி குறைகிறது, எந்தப் பாத்திரம் நடுவில் காணாமல் போய்விட்டது என்பவற்றை மட்டும் பாருங்கள். தொடக்கத்துக் காட்சிகளில் ஒன்றிரண்டை நீக்க வேண்டியிருக்கும் என்பதற்கு ஆயத்தமாக இருங்கள். அவை நீங்கள் அந்த உலகத்துக்குள் நுழைவதற்காக எழுதியவை, வாசகருக்குத் தேவையில்லை.

இரண்டாம் வாசிப்பை வாய்விட்டுச் செய்யுங்கள். உரையாடலில் பொய்யாக ஒலிப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஒரே பத்தியில் மூன்று வாக்கியங்கள் ‘கொண்டிருந்தது’ என்று முடிவதையும், எல்லோரும் ஒரே குரலில் பேசுவதையும் இந்த வாசிப்புத்தான் பிடிக்கும். அதன்பிறகே எழுத்துப்பிழைகளும் ஒற்றுப்பிழைகளும். இணையத்தில் கிடைக்கும் ‘வாணி’ பிழைதிருத்தியும் சந்திக்கென உள்ள ‘நாவி’யும் நல்ல உதவி, வட்டாரப் பேச்சை அவை பிழையென்று காட்டினால் அங்கே உங்கள் பட்டியலை நம்புங்கள்.

பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் நாவல்கள் தொடர்ந்து படிப்பவராகவும், ஒருவர் நீங்கள் எழுதிய உலகத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கட்டும். ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காமல், எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் குழப்பம் வந்தது, எதை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். மூவரில் இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டும் என்பதில்லை. தீர்வு உங்கள் பொறுப்பு. தறிக்காரர் ஒருவர் ‘இப்படி யாரும் முடிச்சுப் போட மாட்டாங்க’ என்று சொன்னால் மட்டும் மறுபேச்சின்றித் திருத்துங்கள்.

பதிப்பகத்துக்கு அனுப்பும் நிலை வரும்போது, அந்தப் பதிப்பகம் எத்தகைய நாவல்களை வெளியிட்டிருக்கிறது என்பதை நூலகத்திலோ, ஆண்டுதோறும் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியிலோ நேரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தோடு முழுக் கைப்பிரதியையும் அனுப்புங்கள். பதிலுக்குச் சில மாதங்கள் ஆகலாம். அச்சிடும் செலவை உங்களிடமே கேட்பவர்களிடம் எத்தனை படிகள் அச்சாகும், எங்கே விற்பார்கள், விற்காதவை யாருக்கு என்பவற்றை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நீங்களே வெளியிடுவதானால், ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. பதிப்புரிமை எழுதியபோதே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். அந்த உரிமையைப் பிறருக்கு மாற்றுவது எழுத்து மூலமாக மட்டுமே செல்லும். ஒப்பந்தத்தில் கால அளவு குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். எனவே அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றில் எவற்றை, எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதைத் தனித்தனியே எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.